எனக்குத் தெரிகிற சிவப்பு

19 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆரணியிலிருந்து சேவூர் போகிற சாலையில், வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடி. ஆயில் பெயின்டிங். சொல்லித்தருகிறவர் ஜெயச்சந்திரன், பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். முப்பது வயதுகூட இருக்காது. மற்றவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள்.

"யாருக்குங்க, பையனுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன்.

ஏன் என்று கேட்டார். இருபது வருஷமாகப் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். மயில், அன்னம், மாங்காய், எல்லாமே கட்டம் கட்டமாக, எல்லாமே தட்டையாக. கையை நீட்டி எடுத்துவிடலாம் போல ஒரே ஒரு மாங்காய் வரைய வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அது பிடித்திருந்தது.

வீட்டில் கண்ணகிதான் கொஞ்சம் சலித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமையாவது வூட்ல இருப்பீங்கன்னு பாத்தா!"

26 ஜனவரி

முட்டை. வெள்ளைத் துணிமேல் வெள்ளை முட்டை. கொடுத்த பெயின்ட் இரண்டே இரண்டு: வெள்ளை, அப்புறம் காப்பித்தூள் மாதிரி ஒரு நிறம்.

"கண்ண இடுக்கிப் பாருங்கண்ணா. எங்க வெளிச்சம், எங்க இருட்டு, அத மட்டும் பாருங்க. முட்டைன்னு நெனைக்காதீங்க."

முட்டை என்று நினைக்காமல் வரைந்தேன். உருளைக்கிழங்கு வந்தது.

16 பிப்ரவரி

முட்டை உருண்டுவிட்டது! தூர நின்று பார்த்தால் துணியிலிருந்து புரண்டு கீழே விழுந்துவிடும் போலிருக்கிறது. முட்டைக்குக் கீழே இருக்கும் நிழல் முழு இருட்டு இல்லை. துணியின் வெளிச்சம் கொஞ்சம் அதற்குள் திரும்பி வருகிறது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் வந்தது. ஜெயச்சந்திரன் அதைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளிடம் "இத பாத்துக்கோங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

கண்ணகிக்கு போட்டோ காட்டினேன். "நல்லாத்தான் கீது. வேக வெச்சதா, வேக வெக்காததா?"

23 பிப்ரவரி

எவர்சில்வர் டம்ளர். அதற்குள் ஜன்னல், கடைப் பலகை, நான்.

9 மார்ச்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்றுதான் முதல்முறையாக எல்லா நிறமும் கொடுத்தார். வைத்தது தக்காளி. நான் வழக்கம்போல வெளிச்சம், நிழல் பார்த்து வேகமாகப் போட்டேன். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஜெயச்சந்திரன் வந்து நின்றார்.

"இது இன்னா கலர் போட்டீங்கண்ணா?"

"பிரவுன். நிழலுக்கு."

என் கையிலிருந்த ட்யூபை வாங்கித் துணியால் துடைத்துத் திருப்பிக் காட்டினார். லேபிளில் பச்சை என்று போட்டிருந்தது. தக்காளியின் பாதிக்கு நான் பச்சை பூசியிருக்கிறேன்.

விளையாடுகிறேன் என்றுதான் அவர் முதலில் நினைத்திருப்பார். பிறகு முகம் மாறியது. எல்லோரும் போனபின் போனில் ஒரு படம் காட்டினார். வட்டம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். "உள்ள ஒரு நம்பர் கீது, இன்னா நம்பர்னு சொல்லுங்க."

நம்பரா? எங்கே?

10 மார்ச்

அதே படத்தைக் கண்ணகியிடம் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே, ஓரக்கண்ணால் பார்த்து, "எழுபத்தி மூணு" என்றாள்.

"நெசமாவா தெரியுது?"

"இவ்ளோ பெருசா கீது, தெரியாம?" பிறகு என்னைப் பார்த்தாள். கீரையைக் கீழே வைத்தாள். "பாசிப்பச்ச சட்டையப் போயி நீங்க காப்பிக் கலர்னுவீங்க. ஆம்பளைங்களுக்குக் கலர் பேரு தெரியாதுன்னுதான் நான் நெனச்சிகினு இருந்தேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெயர்தான் தெரியவில்லை என்று. ஆபீசில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பரைத் தட்டினால் வேலை முடிந்தது. எந்த நிறத்துக்கு எது சேரும் என்று முடிவு செய்கிறவர் முதலாளி. இந்த ஊரில், இந்தத் தொழிலில், இத்தனை வருஷம் ஒருவனுக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல்.

14 மார்ச்

கண் டாக்டரைப் பார்த்தேன். பிறவியிலேயே உள்ளதாம். சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரியாது. மருந்து கிடையாது, ஆபத்தும் கிடையாது. வண்டி ஓட்டலாம், வேலை செய்யலாம். "என்ன சார், இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தீங்க?" என்றார். உண்மைதான்.

எழுந்தபோது கூப்பிட்டுச் சொன்னார்: "இது அம்மா வழியா வர்றது. கூடப்பிறந்த அக்கா, தங்கச்சிக்கு ஆம்பளப் பசங்க இருந்தா ஒரு தடவ பாத்துக்கச் சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்ட் தாண்டும்போதுதான் உறைத்தது. வண்டியை ஓரம் கட்டி நின்றுவிட்டேன்.

தீனா.

15 மார்ச்

தேசூரில் இருக்கும் பரிமளா அக்காவின் ஒரே பையன் தீனா. டிப்ளமோ முடித்துவிட்டு ரெண்டு வருஷமாக ஒரே குறியாகப் படிக்கிறான், ரயில் டிரைவர் வேலைக்கு. செய்யாறு பக்கம் கம்பெனி வேலை வந்தது, வேண்டாம் என்றுவிட்டான். முதல் பரீட்சை பாஸ் ஆகிவிட்டான். அடுத்தது சீக்கிரம் வருகிறது. அக்கா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், என் பையன் ரயில் ஓட்டப் போகிறான் என்று. அந்த வேலைக்குக் கடைசியில் கண்ணைத்தான் பார்ப்பார்கள். சிக்னல் சிவப்பா பச்சையா என்று தெரியாதவனை இன்ஜினில் ஏற்றுவார்களா?

எனக்கு கீதுன்னா அவனுக்கும் இருக்கணுமா இன்னா? நாலுல ஒருத்தருக்குத்தானாம். இல்லாமலும் இருக்கலாம். நான் போய் எதையாவது சொல்லி, அவனுக்கு ஒண்ணுமில்லன்னு ஆகி, அந்தப் பயத்திலயே பரீட்சைய விட்டுட்டான்னா? சொல்லாம இருந்து, எல்லாத்துலயும் பாசாகி, கடைசி நாள்ல கண்ணுல நிறுத்திட்டாங்கன்னா?

"எழுதி முடிக்கட்டுமே," என்கிறாள் கண்ணகி. "பாசாவலன்னா பிரச்சனையே இல்ல."

அவன் பாசாகக் கூடாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நான்.

23 மார்ச்

வகுப்புக்குப் போகவில்லை.

30 மார்ச்

இன்றும் போகவில்லை. ஜெயச்சந்திரன் போன் செய்தார். வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

6 ஏப்ரல்

தேசூர் போய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தீனா புத்தகத்தோடு கதவருகே நின்றான். என் கண்ணைப் பற்றிச் சொன்னபோது "அய்யோ, ஏன்டா லோகு, பெரிய டாக்டரா பாக்கறதுதானே" என்று பதறினாள். அம்மா வழி என்று சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டாள்.

"உனுக்கு இந்த வயசுல படம் போடற ஆச வந்துச்சு, வந்துட்டுப் போவட்டும். அத எடுத்துகினு வந்து எம் புள்ள தலைல ஏன்டா கட்டற? அவன் நல்லாப் படிச்சிகினு இருக்கான். பொறுக்கலயா ஒனக்கு?"

"அக்கா, ஒரே ஒரு தடவ காட்டிட்டா—"

"ஒண்ணும் காட்ட வேணாம்!"

போனில் அந்தப் புள்ளிப் படத்தை எடுத்து வைத்திருந்தேன். தீனா அதைப் பார்க்கவில்லை. "அப்புறமா பாத்துக்கறேன் மாமா" என்று மாடிக்குப் போய்விட்டான். அக்கா என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. அவள் வீட்டிலிருந்து நான் பசியோடு திரும்பியது இதுதான் முதல்முறை.

பொறுக்கலயா ஒனக்கு. வழியெல்லாம் இதுதான் ஓடியது.

17 ஏப்ரல்

மத்தியானம் தீனாவிடமிருந்து போன். பின்னால் பஸ் சத்தம்.

"மாமா, வேலூர்ல கீறேன். நானே போயி டாக்டர்கிட்ட பாத்துட்டேன். எனக்கும் அதேதான்."

"சாப்ட்டியா" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா மாமா?"

"நீதான்டா சொல்லணும்" என்றேன். போனை வைத்த பிறகு எனக்கே அருவருப்பாக இருந்தது. எதற்கு அப்படிச் சொன்னேன்? அக்கா முகத்துக்குப் பயந்துதானே? திரும்பக் கூப்பிட்டு, ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நில், ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்றேன். ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவனாகவே பேசினான். பள்ளிக்கூடத்தில் மரத்துக்குப் பிரவுன் இலை போட்டதற்குப் பையன்கள் கிண்டல் செய்வார்களாம். "எனக்குக் கலர் பேரு ஒழுங்கா வரலன்னு நெனச்சிகினு இருந்தேன் மாமா." சிக்னலில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் இத்தனை நாள் வண்டி ஓட்டுகிறானாம். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். மற்றவர்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

வீட்டில் அவனே சொன்னான். அக்கா அவனை ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் அழுதாள். கடைசியில் என்னிடம் மட்டும், "நீ கௌம்புடா" என்றாள்.

20 ஏப்ரல்

அக்கா போனை எடுக்கவில்லை.

27 ஏப்ரல்

எடுக்கவில்லை. தீனா அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை என்று கண்ணகிக்குத் தகவல் வந்தது.

11 மே

வகுப்புக்குத் திரும்பப் போனேன். ட்யூப் மூடிகள் எல்லாம் இறுகிவிட்டன. ஜெயச்சந்திரன் வெந்நீரில் போட்டுத் திறந்தார். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பெரிய எழுத்தில் பெயர் எழுதினார். பலகையில் எந்தப் பெயின்ட் எந்த இடம் என்று இனி மாற்றவே கூடாதாம்.

"வெளிச்சம் நிழல்ல இங்க உங்கள அடிச்சிக்க ஆள் இல்லண்ணா. கலரு நான் சொல்றேன், நீங்க போடுங்க."

கத்தரிக்காய் போட்டேன். அவர் சொல்லச் சொல்லக் கலந்தேன். அச்சு அசலாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். நான் வரைந்தது சரியா தப்பா என்று இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரே பேஜார்.

1 ஜூன்

தீனா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். ரயில்வேயிலேயே ஆபீஸ் வேலைக்குப் படிக்கிறானாம். அதற்கு நிறம் பார்க்க மாட்டார்கள். கோச்சிங் இங்கே ஆரணியில். அவனாகத்தான் கண்ணகியிடம் கேட்டான். முன்னறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தாள். அக்கா அரிசி மூட்டையை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். என்னிடம் இன்னும் பேசவில்லை.

15 ஜூன்

இனி ஒரு முகம் போட்டுப் பாருங்கள் என்றார் ஜெயச்சந்திரன். தீனாவைக் கேட்டேன்.

"எவ்ளோ நேரம் ஆடாம ஒக்காரணும் மாமா?"

"நீ பாட்டுக்குப் படி. தலைய மட்டும் தூக்காத."

வகுப்பு மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பொது அறிவுக் கேள்வியெல்லாம் வாய்விட்டுப் படித்தான். மனிதர் முகம் முட்டை இல்லை. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்திலேயே காலை முழுக்கப் போய்விட்டது. நல்ல வேளை, பார்க்கிற வேலையில் இருந்ததால் கேட்க முடிந்தது.

"எம்மேல கோவமா தீனா?"

ஒரு பக்கத்தைப் புரட்டினான். "உங்க மேலயா? இல்ல மாமா. ரயிலு மேலதான். சத்தம் கேட்டாலே கோவமா வருது." பிறகு, "தலைய இப்படியே வெச்சிக்கணுமா?"

"அப்படியேதான்."

29 ஜூன்

காப்பித்தூள் நிறத்தில் முகம் முழுக்க வந்துவிட்டது. தாடை, கண்குழி, புத்தகத்தைப் பார்த்துத் தாழ்ந்த இமை. அவனேதான். இனி இதன்மேல் நிறம்.

யாரையும் கேட்காமல் போடப்போகிறேன் என்றேன். ஜெயச்சந்திரன் யோசித்தார். "கத்தரிக்கான்னா பரவால்ல. மூஞ்சி. கொஞ்சம் தப்பினாலும் அசிங்கமா பூடும்ணா."

ஒரே ஒரு தடவை என்றேன். டேப்பில் எழுதியிருப்பதையும் பார்க்கவில்லை. அவன் கன்னத்தைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், ரெண்டும் ஒன்றாகத் தெரிகிறவரை கலந்தேன்.

13 ஜூலை

நேற்று சனிக்கிழமையும் வகுப்பு மாடியைத் திறக்கச் சொல்லிப் படத்தை முடித்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, இன்னும் காயாததால் முன்னறை நாற்காலியில் சாய்த்து வைத்தேன்.

இன்று காலை அக்கா வந்தாள். தகவல் சொல்லவில்லை. தீனாவைப் பார்க்கத்தான் வந்திருப்பாள். வேர்க்கடலை மூட்டையோடு நேராக முன்னறைக்குப் போனவள் நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டாள். கண்ணகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் நேற்றே சிரித்து முடித்திருந்தாள்.

"இன்னாடா இது லோகு?" ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "எம் புள்ள மூஞ்சி அப்படியே கீது. ஆனா பச்சப் பசேல்னு பாசி புடிச்சாப்ல கீறானே!"

குளித்துவிட்டு வந்த தீனா துண்டோடு எட்டிப் பார்த்தான். கிட்ட வந்தான். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்சயா? எங்கம்மா?" என்றான். "கரெக்டாத்தான் கீது. கண்ணாடில பாத்தா நான் இந்தக் கலர்தான்."

"கலாய்க்கிறியா?"

"நெசமாம்மா."

அக்கா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். மூட்டையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சரி, செவப்புன்னு ஒண்ணு போட்டிருப்பியே. அது எங்கடா கீது? எனுக்குக் காட்டுங்க."

நானும் தீனாவும் ஒரே சமயத்தில் கையை நீட்டினோம். கன்னத்தில், எலும்புக்குக் கொஞ்சம் கீழே, ரெண்டு பேரும் ஒரே இடத்தைத் தொட்டோம். பெயின்ட் ரெண்டு பேர் விரலிலும் ஒட்டிக்கொண்டது.