மதாமின் கரவான் யன்னல்

மச்சாள்,

போன சனிக்கிழமை என் மகள் சமையலறை மேசையடியில் இருந்துகொண்டு நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். பஞ்சில் அந்தத் திரவத்தை ஊற்றியதும் வீடு முழுக்க மணம். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். "அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டாள். வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். உன் ஆண்டுத்திவசம் முடிந்து இரண்டு கிழமைதான். சிரித்ததற்கு நீ கோபிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலில் இருந்தே சொல்கிறேன், குறுக்கே பேசாதே. கடைசிப் பகுதி உனக்குத் தெரியாது.

2011இல் என் அகதி வழக்கு இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டிருந்தது. மகளுக்கு ஒன்பது வயது, வவுனியாவில் என் தங்கச்சியோடு இருந்தாள். நான் வீட்டு வேலை செய்துவந்த பிரெஞ்சுக்கார மதாம், நான் தன்னிடம் வேலை செய்கிறேன் என்று பொபினியில் விசா கொடுக்கிற பிரிபெக்சர் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தால் எனக்கு விசா கிடைக்க வழியிருந்தது. விசா கிடைத்தால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம். "ஓகஸ்ட் முடியட்டும், எழுதித் தருகிறேன்" என்று மதாம் சொல்லியிருந்தா. நீ உடனே எனக்காக லூர்து மாதாவுக்கு நேர்த்தி வைத்தாய். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற ஆள் நீ.

"பிள்ளையார் கோவிக்க மாட்டாரோ?" என்று கேட்டேன்.

"அவர் வழி விடுவார், மாதா கையெழுத்து வாங்கித் தருவா. ஆளுக்கொரு வேலை" என்றாய்.

லூர்துக்குப் போகப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் மதாம் தன் கரவானைத் தந்தா. வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. செத்துப்போன கணவருடையது. தோட்டத்தில் படங்கால் மூடி வைத்திருந்தா. "கவனம். அவர் இதைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவர்" என்று சொல்லித்தான் திறப்பைக் கையில் தந்தா.

என் அண்ணா, உன் மனுசன், தன் சாமான் வானில் அதைக் கொழுவி நேரே தமிழ்க் கடைத்தெருவான ரூ காய்க்குக் கொண்டுவந்துவிட்டார். லூர்தில் அரிசியே விற்காது என்பதுபோல நீ கடைக்குள் நின்று சாமான் ஏற்றுவித்தாய். பின்னால் நின்ற கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளினார்கள். நீ அசையவில்லை. கடைசியாக ஒரு தேங்காயும் இரண்டு தேசிக்காயும் கொண்டு வெளியே வந்தாய்.

"வாகனம் வெளிக்கிடேக்கை தேங்காய் உடைக்காமல் போறதோ? இந்தா, நீ உடை. கடிதம் உனக்குத்தானே வேணும்."

நானும் தேங்காயோடு கரவானை மூன்று தரம் சுற்றினேன். பிறகு இரண்டு வருஷம் காத்திருந்த பலம் முழுவதையும் சேர்த்து நடைபாதையில் ஓங்கி அடித்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. ஆனால் ஒரு பாதி எகிறிப் போய்க் கரவானின் பக்கத்து யன்னலில் 'டொக்' என்று பட்டது. ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

தெருவே கூடிவிட்டது. சுப்பர் குளூ போடச் சொன்னார் ஒருவர். கண்ணூறு கழிந்துவிட்டது, நல்ல சகுனம் என்றார் நகைக்கடை வாசலில் நின்றவர். எனக்குக் மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. "தேங்காய்த்தண்ணி பட்டுத்தான் இப்பிடித் தெரியுது, துடைச்சாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டு நீ கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற போத்தலை எடுத்தாய். நான் பாய்ந்து வருவதற்குள் துடைத்தும் விட்டாய். வெடிப்பைச் சுற்றி யன்னல் கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்துப்போனது.

"எடியே, என்னடி செய்து வைச்சிருக்கிறாய்!" என்று நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் ஹோர்ன் அடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

போகும் வழியில் லிமோஜ் நகரத்துக்குக் கிட்ட, கரவான் சாமான் விற்கிற கடை ஒன்றில் நிறுத்தினோம். கடைக்காரர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக் என்றார். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுமாம். வெடிப்பு முடிகிற இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று போட்டால் அது மேலே ஓடாதாம், பிறகு ஒட்டுநாடா போதுமாம். வெடிப்பை நிறுத்த ஓட்டை போடுவதா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணா துளைகருவியை அழுத்தும்போது நீ மாதாவை விட்டுவிட்டு "முருகா, முருகா" என்றாய். வெடிப்பு அந்த ஓட்டையோடு நின்றது. லூர்தில் பெய்த மழையிலும் நீளவில்லை.

நான் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி பிடித்தபடி யன்னலைப் பற்றித்தான் மன்றாடினேன். திரும்பி வரும் வழியெல்லாம் பிரெஞ்சில் ஒரு பொய்யைப் பாடமாக்கினேன்: முன்னால் போன லொறியிலிருந்து கல் ஒன்று தெறித்தது.

"எத்தினை தரம் சொல்லுவாய்? அந்த லொறிக்கே வெட்கம் வந்திடும்" என்றாய்.

மதாம் வாசலில் காத்துநின்றா. கரவானைச் சுற்றி மெதுவாக நடந்துவந்து யன்னலடியில் நின்றா. "இதை யார் செய்தது?" எனக்குப் பாடமாக்கிய ஒரு சொல்லும் வரவில்லை.

நீ முன்னுக்கு வந்தாய். "நான், மதாம். கொக்கோ" என்றாய். தேங்காய்க்குப் பிரெஞ்சில் உனக்குத் தெரிந்த சொல் அது.

மதாமுக்கு விளங்கவில்லை. நீ அந்தத் தோட்டத்தில் இல்லாத தேங்காயைக் கையில் எடுத்தாய். கரவானை மூன்று தரம் சுற்றினாய், இரண்டு கையையும் உயர்த்தி "பூம்!" என்று நிலத்தில் அடித்தாய், எகிறிய பாதியின் பின்னால் விரலைக் கொண்டுபோய் யன்னலில் குத்திக் காட்டினாய். போத்தலைத் திறந்து துடைத்ததையும் விடவில்லை.

"ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டா மதாம்.

உன்னிடம் இருந்த பத்துப் பிரெஞ்சுச் சொல்லையும் கூட்டிச் சொன்னாய்: கரவானுக்கு ஒன்றும் நடக்கக் கூடாது என்பதற்காக.

மதாம் கரவான் படியில் குந்தியிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னா: "கல் பட்டது என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். வீதிக் கல் முன் யன்னலில்தான் படும், பக்கத்தில் படாது." நல்ல காலம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கிழமையே கடிதம் எழுதித் தந்தா.

அண்ணா வானோடு நேரே வேலைக்குப் போய்விட்டார். மெத்ரோ ரயிலில் திரும்பி வரும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"அரைவாசி உண்மைதானே? வெடிப்பு உன்ர, வெள்ளை என்ர" என்றாய். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்ர பிள்ளையள் என்னோடை இருக்கினம். அவ என்னோடை கோவிச்சா எனக்கென்ன?" என்றாய்.

அதன் பிறகு அண்ணா, யன்னலின் மூலையில் பொறித்திருந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போய், உடைத்து விற்கும் பழைய கரவான் ஒன்றிலிருந்து அதே யன்னலைக் கழற்றி வந்து பூட்டினார். மதாம் உன் பெயரைக் கேட்கவே இல்லை, நீ மதாம் கொக்கோ ஆகிவிட்டாய். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் உனக்கு ஒரு பெட்டி சொக்லேற். எனக்கு வரவேண்டிய ஏச்சு உனக்குச் சொக்லேற்றாக வந்தது. அதை உன் வீட்டுக்குச் சுமந்து வந்தவளும் நான், பாதியைத் தின்றவளும் நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனை தரம் கேட்டேன்! "பேசாமல் இரு, சொக்லேற் நிண்டுபோகும்" என்பாய்.

இனி உனக்குத் தெரியாதது.

மதாம் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறா. நீ போனதை நான் அவவிடம் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் மதாம் கொக்கோ எப்படி என்று கேட்பா, சுகம் என்பேன். சனிக்கிழமை அந்த மணத்துக்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. ஞாயிறு காலையே போனேன். நான் கதவடியில் நிற்கும்போதே கட்டிலில் இருந்தபடி கேட்டா. நீ போய்விட்டாய் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டா. அந்தக் கை பிடியில் இருக்கும்போதே சொன்னேன்: "தேங்காய் உடைத்தது அவள் இல்லை, மதாம். நான். எனக்குக் கடிதம் கிடைக்காமல் போய்விடும் என்றுதான் பழியைத் தன்னில் போட்டுக்கொண்டாள்."

கையை எடுத்துவிடுவா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"அப்படியென்றால் அவ்வளவும் நடிப்பா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

மதாம் தலையணையில் நிமிர்ந்து இருந்தா. "நீ எப்படி உடைத்தாய்? காட்டு" என்றா.

முழங்கால் நோவோடு கதிரையை மூன்று தரம் சுற்றினேன். கையை உயர்த்தினேன். அடிக்கும்போது "பூம்" அழுகையாகத்தான் வந்தது. மதாம் பரீட்சை வைத்தவ மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"இல்லை," என்று தலையை ஆட்டினா. "அவள்தான் நன்றாக உடைத்தாள்."

இரண்டு பேரும் அழுது சிரித்தோம். தாதி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து மகளை இருத்திவைத்து எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன், ஒரு சொல் விடாமல் கேட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருக்கிறது, மச்சாள். மதாமிடம் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். நீ எனக்காகச் சொன்ன அந்த "நான், மதாம்" மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.