அம்மாவின் குரலைக் கேட்டுச் சிரித்தவருக்கு

மேடம்,

நேற்று வீட்டு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வடலூரில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பழைய மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடேறிய வார்னிஷும் தூசியும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. எங்கே முகர்ந்தது என்று யோசிப்பதற்குள் என் முகம் சுட ஆரம்பித்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் உங்கள் துறையில் இருந்த அந்தப் பெரிய ஒலிப்பதிவுப் பெட்டி, கொஞ்ச நேரம் ஓடினால் இப்படித்தான் மணக்கும். மின்விசிறியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். கிழவனுக்கு மயக்கமோ என்று கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

உங்களிடம் முதன்முதலாக வந்த நாளிலும் எனக்கு வெட்கம்தான். 1960களின் நடுப்பகுதி. நான் நெய்வேலி நகரியத்தில் பள்ளித் தமிழாசிரியன். காதோரம் நரைத்துவிட்டது, இரண்டு பிள்ளைகள். எம்.லிட். பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, நெறியாளர் யார் என்று பார்க்க வந்தேன். அறையில் கல்லூரிப் பெண் போல ஒருவர் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "யாரப் பாக்கணும் சார்?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லி, "அவர்கள் வரும்வரை இங்கே காத்திருக்கலாமா?" என்றேன். "வந்துட்டாங்க. உக்காருங்க" என்றீர்கள்.

என்னைவிட எட்டு வயதாவது சின்னவர் நீங்கள். ஆனாலும் அந்த வெட்கம் சீக்கிரம் போய்விட்டது, வேலையில் நீங்கள் காட்டிய கண்டிப்பால். காப்பியங்களில் உவமை என்று நான் கொண்டுவந்த தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க ஸ்கூல்ல பசங்க விளையாடும்போது எந்தத் தமிழ் பேசறாங்க?" என்று கேட்டீர்கள். நான் யோசித்ததே இல்லை. எங்கள் பிளாக்கில் ஒரு பக்கம் மதுரைக்காரர், மறுபக்கம் கோயமுத்தூர்க்காரர், எதிரே நாகர்கோவில்காரர். எல்லோர் பிள்ளைகளும் தெருவில் ஒன்றாக ஆடினார்கள், அந்தத் தமிழ் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. "அதை எழுதுங்க" என்றீர்கள். "ஆனா முதல் அத்தியாயம், இவங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி அந்த மண்ணுல இருந்தவங்க பேச்சு. அது இல்லாம மத்தது நிக்காது. யாராவது உள்ளூர்க்காரங்க கிடைப்பாங்களா?"

கிடைப்பார்கள் என்றேன். நானே உள்ளூர்க்காரன் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அச்சடித்தது போலப் பேசும் இந்த வாத்தியாரை எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கூலி வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்த என் அம்மா அப்போது எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். நீங்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொடுத்த ஒலிப்பதிவுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஷிப்டு சங்கு ஊதி அடங்கும்வரை காத்திருந்து அம்மாவைப் பேசச் சொன்னேன்.

"என்னாத்தப் பேசறது?" என்றார்.

"எதையாவது. நம்ம ஊட்டப் பிரிச்சமே, அத சொல்லு."

அம்மா கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்த கதை. "அன்னிக்கி நாங்க மல்லாட்டச் செடி புடுங்கிக்கினு இருந்தம். ஊட்டப் பிரிக்கணும்னு வந்து சொன்னாங்க. கூர கீத்த அவரு எடுத்துக்கினாரு. நான் கதவ தலமேல வெச்சிக்கினு நடந்துக்கினே இருக்கன், நடந்துக்கினே இருக்கன். கனம்னா அம்மாங் கனம். புது எடத்துல இன்னும் செவுரே எழும்பல. இந்தக் கதவ எங்க எறக்கறதுன்னு தெரியாம நின்னுக்கினு இருக்கன்."

பதிவு முடிந்து பெட்டியிலிருந்து தன் குரலே வந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "நானாடா இது?" என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் அந்த நாடாவை ஓடவிட்டேன். பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், ஓரத்தில் நீங்கள். முதல் "கினு"வில் ஒருவர் புன்னகைத்தார். இரண்டாவதில் பின்வரிசையில் யாரோ மெல்லத் திருப்பிச் சொன்னார். "நடந்துக்கினே இருக்கன்" என்று இரண்டு முறை வந்ததும் அறையே சிரித்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் வாயருகே கைக்குட்டையை வைத்திருந்தீர்கள். தோள் குலுங்கியது.

பெட்டியை நிறுத்தினேன். "இது எங்க அம்மாங்க" என்றேன்.

சிரிப்பு அடங்கியதே, அதுதான் பெரிய கொடுமை. எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள். தலைமை வகித்தவர் தொண்டையைச் செருமி, "தொடருங்கள்" என்றார். கட்டுரையின் மிச்சத்தை எப்படி வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. வெட்கத்தில் காது அடைத்துக்கொண்டது. அம்மா அப்படிப் பேசுகிறாளே என்று ஒரு வெட்கம். அப்படி நினைக்கிறேனே என்று அதன்மேல் இன்னொரு வெட்கம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டார். "எம் பேச்சக் கேட்டாங்களா? என்னா சொன்னாங்க?"

"நல்லா இருந்துச்சுன்னாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு உங்களைப் பார்க்க வரவில்லை. நான் உங்களிடம் வரவேண்டிய சனிக்கிழமை வாராவாரம் வரும், போகும். நீங்கள் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் எழுதவில்லை. அம்மாவிடம் பள்ளியில் பரீட்சை வேலை என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய நேரம், நீங்களே வந்துவிட்டீர்கள். பிளாக் எண்ணை விசாரித்துக்கொண்டு செம்மண் அப்பிய செருப்போடு வாசலில் நின்றீர்கள். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "இத்தினியூண்டு பொண்ணா ஒனக்கு வாத்தியாரு?" என்று என்னைக் கேட்டுவிட்டு உங்களைப் பாயில் உட்காரவைத்தார். "ஏம்மா, எம் புள்ள பரீச்ச வேலன்னு சொல்லிக்கினு ஊட்லயே குந்திக்கினு கெடக்கறான். அவன் படிப்பு என்னா ஆவறது?"

நான் கண்ணால் கெஞ்சினேன். நீங்கள் பார்த்தீர்கள், பார்த்தும் சொன்னீர்கள்.

"பரீட்சை இல்லம்மா. நீங்க பேசினத அங்க போட்டுக் காமிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். அதனாலதான் வரல."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சிரிச்ச?"

"நீங்க பேசின விதம் எங்களுக்குப் பழக்கமில்ல. அதான்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காப்பியோடு வந்த அம்மா அதை உங்கள் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்.

"கதவு கனம்னு சொன்னனே. அப்பவா சிரிச்சீங்க?"

"ஆமாம்மா" என்றீர்கள். பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன்.

"செரி" என்றார் அம்மா. "ஆறிடப் போவுது. குடி."

மன்னித்தாரா இல்லையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பஸ் நிறுத்தம்வரை உங்களோடு நடந்தேன். அம்மாவிடம் ஏன் சொன்னீர்கள் என்று கோபமாகக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் நீங்கள் பையிலிருந்து என் முதல் அத்தியாயத்தை எடுத்தீர்கள்.

"சார், நான் ஒரு தடவ சிரிச்சேன். அது தப்பு, சொல்லிட்டேன். இதுல நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு பாத்தீங்களா?"

சாலையோரம் நின்றே புரட்டினேன். கொச்சை வழக்கு. சிதைந்த வடிவம். கல்லாதார் திரிபு. பக்கத்துக்குப் பக்கம் என் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. எல்லாம் கருத்தரங்குக்கு முன்பே, அம்மாவின் குரலைக் கேட்டுக் கேட்டு அவர் காலடியில் உட்கார்ந்து நான் எழுதியது. ஓரங்களில் "நன்று" என்று உங்கள் சிவப்பு மை.

"நானும் படிச்சிட்டு நல்லாருக்குன்னு போட்டிருக்கேன்" என்றீர்கள். "சிதைஞ்சுதுன்னு எழுதறீங்களே, எது சிதைஞ்சு இது வந்துது? காட்டுங்க, ஒத்துக்கறேன். காட்ட முடியலன்னா ரெண்டு பேரும் உக்காந்து முதல்லேருந்து எழுதுவோம்."

நான் காகிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. கருத்தரங்கில் பட்ட அவமானம் பிறர் கொடுத்தது. இது நானே, யாரும் சொல்லாமல், அழகான நடையில் எழுதிவைத்தது. பஸ் வந்தது. "சனிக்கிழமை" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டீர்கள்.

வந்தேன். முதலிலிருந்து எழுதினோம். "கினு" எந்த வினையோடு சேரும், எதோடு சேராது என்று நீங்கள் கேட்கக் கேட்க, அதில் இருந்த ஒழுங்கு எனக்கே புதிதாகத் தெரிந்தது. இதைத்தானே தாயின் மடியிலிருந்து பேசிவந்தோம் என்று வியந்தேன். ஒருநாள் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும்போது என்னையறியாமல் வீட்டுப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குறித்துக்கொண்டீர்கள்.

ஆய்வேடு திரும்பி வந்தது. கொச்சையைக் கொச்சை என்று குறிக்காதது பெருங்குறை, திருத்தித் தருக என்று வெளித் தேர்வாளர் எழுதியிருந்தார். எனக்குப் பட்டம் வேண்டும். சம்பள உயர்வு அதில் இருந்தது. ஒரு சொல்தானே, போட்டுவிடலாம் என்றேன். ஆமாம், "அப்பவா சிரிச்சீங்க?" என்று அம்மா கேட்ட பிறகும் நான்தான் சொன்னேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. "எனக்கு ஒரு மாசம் குடுங்க" என்று, அவருக்கு நீளமான பதில் ஒன்றை நீங்களே எழுதினீர்கள். ஏடு ஒரு சொல் மாறாமல் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு உங்களுக்கு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்த பதவி வேறொருவருக்குப் போனது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்று சிரித்தீர்கள். நானும் அதை நம்ப விரும்பினேன், நம்பினேன்.

நீங்கள் மறைந்தபின் நடந்த நினைவுக் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்தார்கள். பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்திருந்தேன். நீங்கள் சிரித்ததை, எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டதை, அப்படியே எங்கள் பேச்சில் சொல்லிவிட வேண்டும் என்று. மேடை ஏறினேன். ஒலிபெருக்கியைப் பிடித்ததும், "மதிப்பிற்குரிய அவையோரே" என்று வந்தது. பிறகு முழுவதும் அப்படியே வந்தது. உங்கள் புலமை, உங்கள் கண்டிப்பு, உங்கள் அன்பு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

கீழே இறங்கியதும் உங்கள் இடத்தில் இன்று இருக்கும் இளம் பேராசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வயசுலயும் என்ன சுத்தமான தமிழ் ஐயா உங்களுக்கு" என்றார்.

நன்றி சொன்னேன் மேடம். அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.