இருபத்தெட்டாம் நிமிடம்

என் வாயாடிக்கு,

முதுகலை இசைப் படிப்பில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதம் நேற்று வந்தது. உன் படத்தின் முன் வைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தோடு முப்பது நிமிடம் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், எங்கும் வெட்டியிருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நானோ இருபத்தெட்டாம் நிமிடத்தில் கதவைத் திறந்து, "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"போங்கப்பா, எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க!" என்று கத்தினாய். மறுபடி பாட உனக்கு மூச்சு இல்லை. அதையே அனுப்பினாய்.

பதினைந்தாம் தேதிக்குள் நீயே கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்ப வேண்டுமாம். நான் என்னம்மா செய்ய?

தினமும் அந்தப் பதிவைப் போட்டுவிட்டு இருபத்தெட்டாம் நிமிடத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன். அங்கேதான் நீ என்னைத் திட்டுகிறாய்.

எல்லாத்தையும் கெடுத்த
உன் அப்பா