எண்பதாயிரம் புள்ளிகளும் ஒரு மாமியாரும்

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து மழை. பல் மருத்துவமனையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வரவேற்பு மேசையை விட்டு நகர முடியவில்லை. மத்தியானம் வாய்க்குள் ஒரு கவளம் போட்டபோதுதான் வங்கியின் மின்னஞ்சலைப் பார்த்தேன். செலவழித்தால் கப்பல் பயணத்துக்குப் புள்ளி சேரும் என் கிரெடிட் கார்டின் திட்டத்தை மாற்றுகிறார்களாம். வருடம் முடிவதற்குள் பயன்படுத்தாத புள்ளிகளுக்கு இனிமேல் பாதி மதிப்புதான்.

என் கணக்கில் எண்பதாயிரம் புள்ளிகள் கிடக்கின்றன. வெள்ளி விழாவுக்குக் கப்பலில் போவோம் என்று நானும் எஃப்ராயினும் சேர்த்தவை. இந்த வருடம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் சேரட்டும், நல்ல அறையாகக் கிடைக்கும் என்று தள்ளித் தள்ளிப் போட்டோம். புள்ளிகள் மிஞ்சின. கல்யாணம் மிஞ்சவில்லை.

விவாகரத்தில் வீட்டைப் பிரித்தோம், காரைப் பிரித்தோம். டொமினோ மேசையைக்கூட அவன் தூக்கிக்கொண்டு போனான். பிள்ளைகள் இல்லை, அதனால் அந்தச் சண்டை இல்லை. புள்ளிகளை மட்டும் இருவருமே மறந்துவிட்டோம்.

கார்டு என் பெயரில். அவனிடம் இருந்தது கூடுதல் கார்டு. அவனிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"பாதி என்னோடது, நெரெய்டா. பாயமோன் ஊர் முழுக்க நான் மாட்டின ஏசிக்கெல்லாம் கம்ப்ரஸர் வாங்கினது அந்தக் கார்டுலதான்."

"வாங்கினது நீ. மாசாமாசம் ஒரு சென்ட்டு வட்டி விழாம கட்டினது யாரு? வட்டி கட்டியிருந்தா உன் புள்ளியெல்லாம் வெறும் புகை."

"அதான் பாதி கேக்கறேன். முழுசா கேட்டேனா?"

ஒழுங்காகத்தான் பேசுகிறான். அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 14, செவ்வாய்

வங்கிப் பெண் பொறுமையாக விளக்கினாள். புள்ளிகளைப் பிரிக்க முடியாது. இன்னொருவர் கணக்குக்கு மாற்றவும் முடியாது. பணமாக வாங்கினால் நானூறு டாலர். கப்பலுக்குள் செலவழிக்கும் தொகையாக வாங்கினால் எண்ணூறு.

பிறகு, ஏதோ அற்ப விஷயம்போல, "துணைப் பயணிச் சலுகையும் இருக்கு மேடம்" என்றாள். ஐம்பதாயிரம் புள்ளி கொடுத்தால் ஒரே அறையில் வரும் இரண்டாவது ஆளுக்குக் கட்டணம் கிடையாது. ஆயிரத்தைந்நூறு டாலர் டிக்கெட்வரைக்கும்!

வருடம் தவறாமல் கப்பலேறும் மிலாக்ரோஸைப் பிடித்தேன். எங்கள் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அந்தச் சலுகைய அடுத்த செப்டம்பர் பயணத்துல கொண்டுபோய்க் கொட்டிடாதடி. அப்ப டிக்கெட்டே சல்லிசு. ஜனவரியில வடக்கே குளிர்நாட்டுக்காரன் பனிக்குப் பயந்து ஓடி வருவான், விலை உச்சத்துல நிக்கும். விலை ஏற ஏற உன் புள்ளிக்கு மதிப்பு. அவன் விமானத்துக்கு வேற அழணும். நமக்குக் கப்பல் இங்க சான் ஹுவான் துறைமுகத்துலேயே நிக்குது."

"சரி."

"முதல்ல புள்ளியைக் கழிக்கச் சொல்லு. அப்புறம் பணம் கட்டு. மாத்திச் செஞ்சா அம்போதான்."

நாற்காலியில் கிடந்த மனிதர் வாயைத் திறந்தபடியே தலையாட்டினார். அவரும் கார்டு வைத்திருப்பார் போல.

ஆக, புள்ளிக்கு முழு மதிப்பு வேண்டுமென்றால் இரண்டு பேர் போக வேண்டும். அதுவும் ஒரே அறையில்.

அக்டோபர் 16, வியாழன்

எஃப்ராயின்: "நாம ரெண்டு பேரும் போனா என்ன? குடியா முழுகிடும்?"

நான்: "உன் குறட்டைக்குக் கடலே கரையேறி ஓடிடும்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திக்கொண்டோம்.

அக்டோபர் 19, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது கூப்பிட்டான். அவன் பாதியை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கிறானாம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

எர்மினியாவுக்கு! என் மாமியாருக்கு. முன்னாள் மாமியாருக்கு. ஏழு ராத்திரி, ஒரே அறையில், நானும் அந்தக் கிழவியும்! இவனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? இருபத்தாறு வருஷம் என் சோத்தைக் குறை சொன்ன வாய் அது. சட்டியின் அடியில் சோறு பொன்னிறமா முறுகலையாம், அதனால நான் சமைக்கவே தெரியாதவளாம். என் திரைச்சீலை பிடிக்காது, என் நாய் பிடிக்காது, நான் கார் ஓட்டுற விதம் பிடிக்காது. விவாகரத்து ஆனதும் ஒரு போன் உண்டா? போன மாசம் கடையில எதிர்ல வந்துட்டு, என்னைப் பார்த்ததும் திரும்பி நின்னு வாழைக்காயைத் தட்டிப் பார்த்தாங்களே — வாழைக்காயை யாராவது தட்டிப் பார்ப்பாங்களா?

முடியவே முடியாது.

அக்டோபர் 22, புதன்

மிலாக்ரோஸ் சொல்கிறாள்: "நானூறு டாலரை ஆளுக்கு இருநூறா பிச்சுக்கிட்டு ஆளுக்கொரு செருப்பு வாங்குங்க. இல்ல, மாமியாரைக் கூட்டிக்கிட்டு ஜனவரியில கப்பல் ஏறு. கணக்கு உனக்கே தெரியும்."

தெரிகிறது. அதுதான் கஷ்டம்.

நவம்பர் 3, திங்கள்

பதிவு செய்துவிட்டேன். பால்கனி அறை. என் டிக்கெட்டுக்கு நான் கட்டுகிறேன். மாமியாருடைய வரியும் துறைமுகக் கட்டணமும் எஃப்ராயின் பொறுப்பு. மீதிப் புள்ளிகளைக் கப்பலுக்குள் செலவழிக்கும் தொகையாக மாற்றினேன்: முந்நூறு டாலர். எல்லாவற்றையும் கப்பல் ஊழியர்களுக்குக் கடைசியில் கொடுக்கும் அன்பளிப்புக்கு என்று மனதில் ஒதுக்கிவிட்டேன். கையிலிருந்து எதுவும் போகக் கூடாது.

நவம்பர் 7, வெள்ளி

புள்ளிகள் கழிந்துவிட்டன. திரையில் இருந்தது: துணைப் பயணி, எர்மினியா. கட்டணம், பூஜ்யம். எனக்கு அந்தப் பூஜ்யத்தை முத்தமிட வேண்டும்போல் இருந்தது. அப்புறம்தான் என் பணத்தைக் கட்டினேன்.

டிசம்பர் 24, புதன்

வேலை விட்டு வந்தால் கதவருகே ஒரு பை. வாழைக்காய் மாவுக்குள் இறைச்சி வைத்து வாழையிலையில் கட்டி அவித்த பாஸ்டெலெஸ், இன்னும் சூடு ஆறவில்லை. யார் வைத்தது என்று எழுதவில்லை. நூலை இப்படி இரட்டை முடிச்சுப் போட்டு, அவிழ்க்கவே முடியாதபடி கட்டுகிறவர் இந்தத் தீவில் ஒருவர்தான் இருக்கிறார்.

கத்தரிக்கோலால் வெட்டித்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு — கப்பலில்

எஃப்ராயின் எங்களைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, இரண்டு சிங்கங்களைக் கூண்டில் விட்டவன்போல் ஓடிப்போனான்.

மாமியார் சொந்தத் தலையணை கொண்டுவந்திருக்கிறார். ஜெபமாலை, இரண்டு பாட்டில் தைலம், ஒரு டப்பா காபித்தூள். கப்பலுக்குள் ஏறும் பாலத்தில் என் கையைப் பிடித்தார். நகம் பதிந்துவிட்டது.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. பலகை ஆடுது."

பலகை ஆடவே இல்லை.

துறைமுக வாயிலில் இருக்கும் பழைய கோட்டையைக் கப்பல் தாண்டும்போது புல்வெளியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் கையசைத்தார்கள். நான் பால்கனியிலிருந்து பைத்தியம்போல் கையசைத்தேன். அவர் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடல்காற்று ஆகாதாம்.

பால்கனிக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறேன் தெரியுமா?

ஜனவரி 13, செவ்வாய்

போச்சு. முந்நூறு டாலரும் போச்சு!

நான் நீச்சல் குளத்தில் இருந்த நேரத்தில் மாமியார் பிங்கோ ஆடியிருக்கிறார். சீட்டுக்கு மேல் சீட்டு, எல்லாம் அறைக் கணக்கில். கேட்டால், "காசா குடுத்தேன்? ரூம் கார்டைத்தானே காட்டினேன்? அந்தப் பொண்ணு சிரிச்சா, நானும் சிரிச்சேன்" என்கிறார்.

"அது அன்பளிப்புக்கு வெச்சிருந்தது அத்தை! ஒம்போது வருஷப் புள்ளி!"

"ஒம்போது வருஷம் வெச்சுக்கிட்டுப் பூசை பண்ணினீங்க. நான் ஒரு மத்தியானம் சந்தோஷமா இருந்தேன். எது லாபம்?"

"எல்லாத்தையும் தோத்திருக்கீங்க!"

"தோத்தாலும் பக்கத்துல இருந்த கனடாக்காரிய விட நான் ரெண்டு நம்பர் அதிகம் அடிச்சேன்."

கதவைச் சாத்திக்கொண்டு மேல்தளத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் ஐந்து ராத்திரி.

ஜனவரி 14, புதன்

கடல் கொஞ்சம் ஆடியது. எனக்கு ஒன்றும் இல்லை. அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். அறை முழுக்கத் தைலம். கோபத்தை ஒத்திவைத்துவிட்டு மொறுமொறு பிஸ்கட்டும் இஞ்சித் தேநீரும் வாங்கிவந்து கொடுத்தேன்.

கப்பல் துறைமுகத்தில் நின்றதும் எஃப்ராயினைக் கூப்பிட்டேன். "உங்கம்மாவுக்குக் கடல் ஒத்துக்கலை. இது தெரியாமலா அனுப்பினே?"

"நான் எங்க அனுப்பினேன்? கத்தானோவுக்குப் போற படகுலகூட ஏறாத மனுஷி. விரிகுடாவைத் தாண்ட பத்து நிமிஷம் ஆகுமா? அதுக்குக்கூடப் பயந்து சுத்திக்கிட்டு பஸ்லதான் போவாங்க."

"அப்புறம்?"

"கப்பல் விஷயத்தைச் சொன்னதும், 'உன் பாதியை எனக்குக் குடுடா'ன்னாங்க. எதுக்கும்மான்னேன். 'குடுக்கறியா இல்லையா'ன்னாங்க. குடுத்துட்டேன்."

அறைக்குத் திரும்பினேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். நேராகவே கேட்டேன். "தண்ணியைக் கண்டாலே பயம். அப்புறம் எதுக்கு அத்தை வந்தீங்க?"

தலையணை உறையை நீவிக்கொண்டே இருந்தார்.

"கோர்ட்ல வீட்டைப் பிரிச்சீங்க, காரைப் பிரிச்சீங்க. நான் யாருக்குன்னு ஒருத்தரும் கேக்கலையே."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வருஷமா யார்கிட்டடி நான் சண்டை போடறது? அவன்கிட்டயா? அவன் எல்லாத்துக்கும் சரிம்மா சரிம்மாங்கறான். வாய்க்கு ருசியே இல்ல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"என்னன்னு பண்றது? எந்த முகத்தோட? நீயாவது பண்ணினியா?"

கடையில் வாழைக்காயைத் தட்டியது பற்றிக் கேட்டேன். "உன்னைப் பார்த்ததும் அழுகை வந்துச்சு. வாழைக்காய்தான் கைக்குக் கிடைச்சுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். "தைலம் கண்ணுல பட்டிருக்கும், துடைச்சுக்க" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

ஜனவரி 15, வியாழன்

பார்படாஸ். கரையில் அவர் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினார். ஒரு கையால் பாவாடையை, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டார். அலை வரும்போதெல்லாம் மாதாவைக் கூப்பிட்டார், அலை போனதும் மாதாவைத் திட்டினார். பக்கத்தில் இருந்த குழந்தைகள் கைதட்டின.

ஜனவரி 17, சனி

கடைசி பிங்கோ. இந்த முறை என் சொந்தப் பணத்தில் ஆளுக்கொரு சீட்டு வாங்கினேன் (நானா இது?). மாமியார் எழுந்து நின்று, "பிங்கோ!" என்று கத்தினார். ஓடிவந்து பார்த்தார்கள். எண் தவறு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "பிங்கோ!" மறுபடியும் தவறு. மூன்றாவது முறை அவர் வாயைத் திறப்பதற்குள் கூடமே சேர்ந்து "பிங்கோ!" என்று கத்தியது. அறிவிப்பாளர் மேடையிலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையில் ஜெயித்தது கனடாக்காரி. "அவ திருடி" என்றார் மாமியார். பிறகு போய் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தளத்தில் சல்சா ஆட்டப் பாட்டுப் போட்டார்கள். மாமியார் பால்கனிக் கதவைத் திறக்கச் சொன்னார். கம்பி வரை வரவில்லை, வாசல்படியிலேயே நின்றார். அங்கேயே என் இடுப்பைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினார். "உனக்கு ஆடவும் வராது" என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

கப்பலைவிட்டு இறங்கும்போது ஊழியர்களுக்கான அன்பளிப்பை என் பணத்திலிருந்து கொடுத்தேன். வலித்தது. ஆனால் கொஞ்சம்தான்.

மிலாக்ரோஸ் கணக்குப் போட்டாள். "துணை டிக்கெட்டுல ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட மூணு சென்ட்டு எடுத்திருக்கே! இந்த ஊர்ல யாரும் எடுத்ததில்ல. ஆனா அந்த முந்நூறு? பிங்கோவா? ஐயோ, மானத்தை வாங்கிட்டியேடி!"

"அதுலதான் அதிக லாபம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கவும் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தை வந்தார். திரைச்சீலையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம்.

மார்ச் 19, வியாழன்

வேலை முடிந்து வரும்போது அத்தை ஏற்கெனவே சமையலறையில் இருந்தார். அவரிடம் இப்போது ஒரு சாவி இருக்கிறது. என் சட்டியில் சோறு வைத்து, அடியில் முறுகியதைச் சுரண்டி இரண்டு தட்டில் போட்டு, "இப்படித்தான்டி வரணும்" என்று நீட்டினார். பாதி கருகியிருந்தது. சொன்னேன். அடுப்பு சரியில்லையாம். நான் வாங்கிய அடுப்பல்லவா.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எஃப்ராயின் கூப்பிட்டான்.

"அம்மா அங்க இருக்காங்களா? மத்தியானத்துலேர்ந்து போனை எடுக்கல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன்."

எதிரே அத்தை கரண்டியை ஆட்டி, இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று சைகை காட்டினார்.

"இங்க இல்லையே" என்றேன்.

"நெரெய்டா, பொய் சொல்லாதே. பின்னாடி சிரிக்கிற சத்தம் கேக்குது."