என் முன்னிலையில்

பெப்ரவரி 8, 2026

காலையில் கூட்டம். வெள்ளவத்தை நிவாரணக் குழுவில் நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இதுவரை பிளேன்டீ எத்தனை பேருக்கு என்று கேட்கத்தான் என் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இன்று கதை வேறு.

நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்கள் சேர்த்து அனுப்பியதில் ஒரு மீட்புப் படகு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. களனி கங்கைக் கரையில் நிறுத்தி வைத்து, தண்ணீர் ஏறினால் வீடுகளுக்கிடையில் உள்ள குறுகிய ஒழுங்கைகளுக்குள் போய் ஆட்களை ஏற்றிவர வேண்டும். எந்தப் படகு என்பதில்தான் இழுபறி. ஒன்று ரப்பர் போட்: அடிப்பாகம் கெட்டி, சுற்றிவரக் காற்றடைத்த தடித்த குழாய். மற்றது மீன்பிடிக்காரர் ஓட்டும் வழக்கமான ஃபைபர் போட். தலைவர் ஜெயகுமார், காலி வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், இரண்டு படங்களையும் மேசையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்களிட்ட ஆள் இருக்கே. கனகேஸ்வரி அக்கா முப்பத்தொரு வருசம் மெரைனில இருந்தவ. அக்கா சொன்னாச் சரி."

மெரைன் என்பது இன்சூரன்ஸ் கம்பனியின் மூன்றாம் மாடி. கப்பலில் வந்த சீமெந்து நனைந்ததா, வெங்காயம் அழுகியதா என்று மற்றவர்கள் போய்ப் பார்த்து எழுதியதை நான் திருத்தி, டைப் செய்து, ஃபைலில் போடுவேன். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். கடலுக்கும் எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓம், பாத்துச் சொல்லுறன்" என்றேன். நன்றாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 9

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே கேட்டார். "இஞ்சாரும், நீர் எப்ப போட்டில ஏறினனீர்?"

நயினாதீவுக் கோயிலுக்குப் படகில் போனோமே என்றேன்.

"அதில கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனீர். என்ர கையில உம்மட நகம் பதிஞ்சது."

மனைவிக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டால் என் மனுசன் பொன்னம்பலத்தாருக்குப் பொறுக்காது. பின்னேரம் வரை கதைக்கவில்லை.

பெப்ரவரி 15

ஒரு கிழமையாக இன்டர்நெட்டில் படகு. ரப்பர் போட் கவிழாதாம். ஒரு பக்கம் நாலு பேர் தொங்கினாலும் சரியாதாம். எந்தப் படத்தைப் பார்த்தாலும் சீருடை போட்ட ஆட்கள், செம்மஞ்சள் நிறம், தெறிக்கும் தண்ணீர். ஃபைபர் போட் படங்களில் வலையும் காகமும்தான்.

கனடாவிலிருந்து காசு கொடுத்தவர்களும் செம்மஞ்சளைத்தான் விரும்புவார்கள் என்று ஜெயகுமார் மெல்லச் சொல்லி வைத்தார்.

பெப்ரவரி 22

கிளைவ் என்பவனை ஜெயகுமார் என் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். கொட்டாஞ்சேனை ஆள், முகத்துவாரத்தில் மீன்பிடி. நவம்பரில் தன் ஃபைபர் போட்டில் கூரைகளிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் இறக்கினவன். வாங்கும் படகை ஓட்டப்போவதும் அவன்தான்.

உள்ளே வரச் சொன்னேன். கால் மண் என்று வாசலிலேயே நின்றான்.

"மிஸ், ரப்பர் போட்ல ஆள் ஏத்துறது லேசு. எல்லாரும் ஒரு பக்கம் வந்தா ஃபைபர் சரியும், ரப்பர் சரியாது. அது உண்மை. ஆனா ஒழுங்கைக்குள்ள தண்ணிக்குக் கீழ என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தகரம், முள்ளுக்கம்பி, கேட்ல வச்ச கூர். ஃபைபர்னா கீறல் விழும். ரப்பர்னா கிழியும்."

அப்போ ஃபைபர்தானா என்றேன்.

"நான் சொல்லமாட்டன். சனிக்கிழமை ரெண்டையும் இறக்குறம். விக்கிறவங்க ரப்பர் போட் ஒன்னு தாறாங்க. நீங்க வந்து ரெண்டிலயும் ஏறி, ஆத்துலயும் ஒழுங்கைப் பக்கமும் ஒரு சுத்து பாருங்க. அதுக்குப் பிறகு நீங்க சொல்றதுதான் மிஸ்."

சரி, வருகிறேன் என்றேன்.

பெப்ரவரி 28

போகவில்லை.

ஆறு மணிக்கே குளித்து, சல்வார் போட்டு, தொப்பிகூட எடுத்து வைத்தேன். பிறகு அந்தப் படித்துறையை நினைத்தேன். பத்துப் பதினைந்து மீன்பிடிக்காரர் நின்று பார்ப்பார்கள். எந்தக் காலை முதலில் வைப்பது? எங்கே பிடிப்பது? மெரைனில் முப்பத்தொரு வருசம் என்று சொன்ன பொம்பிளை இரண்டு பேர் கைபிடித்து, கத்திக்கொண்டு ஏறினால்?

காய்ச்சல் என்று கிளைவுக்குப் போன் எடுத்தேன். "சுகமாகிட்டு வாங்க மிஸ், இன்னொரு நாள் கேட்டுப் பாப்பம்" என்றான். பொய் சொன்னவளுக்கு அவன் குரலில் இருந்த அக்கறை குத்தியது. மத்தியானம் கோழிக்கறி சமைத்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 11

அறிக்கை முடிந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். இரண்டு படகின் நீளம், பாரம், எஞ்சின், எல்லாம் அட்டவணையாக. முடிவு: ரப்பர் போட்.

ஒரு வசனம். "இரண்டு படகுகளும் என் முன்னிலையில் பரீட்சிக்கப்பட்டன." வேண்டுமென்று எழுதினேனா? ஒவ்வொரு ரிப்போர்ட்டும் அப்படித்தான் தொடங்கும். முப்பத்தொரு வருசம் மற்றவர்களுக்காக டைப் செய்த வசனம், கை தானாக அடித்துவிட்டது. அடித்த பிறகு கண் பார்த்தது. பார்த்த பிறகும் அழிக்கவில்லை.

மார்ச் 15

ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டினார்கள். ஒரு பிரதி கிளைவுக்கும் கொடுத்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்து விரலை வைத்து மெதுவாக வாசித்தான். முதல் பக்கத்தில் விரல் ஓரிடத்தில் நின்றது. இப்போது எழும்புவான், இப்போது கேட்பான் என்று இருந்தேன். தாளை மடித்து ஷேர்ட் பையில் வைத்துக்கொண்டான்.

கீழே படியில் என்னைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டான். "காய்ச்சல் சுகமா மிஸ்?"

ஓம் என்றேன்.

ஏப்ரல் 19

படகுக்குப் பூசை, மாலை, ஃபோட்டோ. நடுவில் என்னை நிறுத்தினார்கள். கனடாவிலிருந்து வாழ்த்து மேல் வாழ்த்து.

மே 20

மூன்று நாளாக ஓயாத மழை. ஆறு கரைமட்டத்துக்கு வந்துவிட்டதாம். அறிக்கையை எடுத்துத் திரும்ப வாசித்தேன். எதற்கு?

மே 22

எழுத்து கோணலாக வருகிறது.

நேற்று விடிய படகு இறங்கியது. இரண்டு தடவை போய் ஆள் ஏற்றி வந்தார்களாம், பிரச்சினை இல்லை. மூன்றாம் தடவை ஒழுங்கைக்குள் திரும்பும்போது தண்ணீருக்குள் மூழ்கியிருந்த கேற் ஒன்றின் கூர்க்கம்பி இடப்பக்கக் குழாயை நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் தண்ணீரில். இடியப்பம் அவித்து விற்கும் மயிலம்மா என்ற அம்மாவுக்கு மதில் அடித்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கிளைவ் குதித்து அவவைக் கழுத்தளவுத் தண்ணீரில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். யாரோ ஒருவரின் ஃபைபர் போட் வரும்வரைக்கும்.

உயிர்ச்சேதம் இல்லை. இதையே நூறு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லையே, ஒண்டும் நடக்கேல்லையே — அந்த மனிசிக்கு நடந்ததுதானே?

மே 24

அவசரக் கூட்டம். கிளைவைக் கூப்பிட்டிருந்தார்கள். நிற்க வைத்துக் கேட்டார்கள், கதிரை காலியாக இருந்தும்.

ஜெயகுமார் நேரடியாகவே கேட்டார். "இவ்வளவு பரீட்சிச்சு எடுத்த போட். எப்பிடிக் கிழியும்? நீர் கவனமா ஓட்டினீரா? ஏதும் குடிச்சிருந்தீரா?"

கிளைவ் என்னைப் பார்க்கவேயில்லை. அதுதான். பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"தண்ணி கலங்கி இருந்திச்சு சேர். கேட் தெரியல்ல. ஓட்டினது நான். பிழை என்னோடதுதான்."

வெளியே நிற்கச் சொன்னார்கள். ஓட்டுநர் பொறுப்பிலிருந்து நீக்குவது என்று தீர்மானம். கை உயர்த்தச் சொன்னார்கள்.

மே 25

நானும் கை உயர்த்தினேன்.

மே 28

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு, பெரிய மனுசி மாதிரி. மயிலம்மா சிரித்த முகத்தோடு படுத்திருந்தா.

"அந்தப் புள்ளதான் தாயி என்னையத் தூக்கிட்டு நின்னுச்சு. கையெல்லாம் விறைச்சுப் போச்சுன்னு சொல்லிச்சு, ஆனா விடல. தெனம் சோறு கொண்டாந்து குடுக்குது." பிறகு என் கையைப் பிடித்தா. "நீங்கதான் பாத்துப் போட் வாங்கிக் குடுத்தவங்களாம். நல்லா இருப்பீங்க."

அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மே 30

இந்த டயரிக் கொப்பியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். ஜெயகுமார் எல்லா இடமும் 'சொன்னார்'. கிளைவ் எல்லா இடமும் 'சொன்னான்'. இரண்டு பேரும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமைதான். ஒருவர் என் வீட்டு ஹோலில் இருந்து தேநீர் குடிப்பவர், மற்றவர் வாசலில் நின்றவர். கை உயர்த்த முதலே நான் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்கம் கெட்டவள்.

ஜூன் 3

இரவுச் சாப்பாட்டில் இவர் மெதுவாகத் தொடங்கினார். "அந்தச் சனிக்கிழமை நீர் வீட்டிலதானே நிண்டனீர். கோழிக்கறி."

தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அவர் ஏசவில்லை. "ஏன் அப்பவே தெரியாதெண்டு சொல்லேல்லை நீர்?" என்று மட்டும் கேட்டார்.

முப்பத்தொரு வருசத்தில் ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டவுடன் தெரியாது என்று சொல்ல மனம் வரேல்லை. அதுதான் காரணம். வேறை ஒண்டும் இல்லை. இவ்வளவு சின்னக் காரணம்.

ஜூன் 7

கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

எழும்பி, அறிக்கையின் அந்த வசனத்தை வாசித்து, இது பொய் என்றேன். போகவில்லை, ஏறவில்லை, காய்ச்சலும் இல்லை. கிளைவ் கேற்றின் கூர்க்கம்பி என்று பெப்ரவரியிலேயே சொன்னார், அதை அறிக்கையில் நான் எழுதவில்லை.

நிலம் பிளக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் விசிறியின் வேகத்தைக் கூட்டினார். ஜெயகுமார் செருமிவிட்டு, "அக்கா, ஆருக்கும் வாற பிழைதான். இதைக் கூட்டக் குறிப்பில போட வேண்டாம், கனடாவுக்குப் போற மினிட்ஸ்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் என்னை மன்னித்துவிட்டார்கள்.

அப்போ கிளைவ்? என்றேன்.

"அதை அடுத்த கூட்டத்தில பாப்பம்."

எனக்கு ஐந்து நிமிடம், அவருக்கு அடுத்த மாதம். அப்போதுதான் எனக்கு உண்மையாகக் கூசியது. குரல் ஏறிவிட்டது. "என்ர பொய்யைப் போடாமல் அந்த மனிசன்ர பேரை மட்டும் போட்டிருக்கிறியளே, அது எப்பிடி? ரெண்டையும் போடுங்கோ. இல்லாட்டி நானே கனடாவுக்கு எழுதுறன்." நீக்கல் தீர்மானம் ரத்து. என் வசனம் மினிட்ஸில் ஏறியது. ஜெயகுமார் என்னோடு சேர்ந்து படியிறங்கவில்லை.

ஜூன் 10

கிளைவுக்குப் போன். எடுக்கவில்லை. ஐந்து தடவை.

ஜூன் 14

கொட்டாஞ்சேனைக்குப் போனேன், ரத்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு. அவரின் மனைவி நிஷாந்தி கதவைப் பாதி திறந்தா. "கடலுக்குப் போயிட்டார் மிஸ்." வாசலில் ஆண் செருப்பு ஒரு சோடி, ஈரம் காயாமல். உள்ளே டீவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

கடிதத்தைக் கொடுத்தேன். பிழை என்னுடையது, அவரிடம் சொல்லுங்கோ என்றேன். "கேள்விப்பட்டம்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு என்ன உரிமை. ஜிந்துப்பிட்டி வரை நடந்து பஸ் எடுத்தேன்.

ஜூன் 27

நேற்றிலிருந்து மறுபடியும் மழை. ஒட்டுப்போட்ட ரப்பர் போட் கொட்டகையில் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. பத்து மணிக்கு ஜெயகுமார் போன் எடுத்தார், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவை. "அக்கா, கிளைவ் எங்கட போனை எடுக்கிறாரில்லை. நீங்கள் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ."

என்னுடையதையா எடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தார். எஞ்சின் சத்தம், பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. தன்னுடைய போட்டில் ஏற்கெனவே இறங்கிவிட்டார். நான் வாயைத் திறக்க முதல், "மிஸ், பிறகு கதைப்பம். ஆள் ஏறுது" என்று வைத்துவிட்டார்.

ஜெயகுமாருக்கு அறிவித்தேன். அவர் விடவில்லை. "அப்ப நாங்களும் எங்கட போட்டை இறக்குவமா அக்கா? ஆத்தோரமா மட்டும் ஓடினா அது தாங்குந்தானே? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"எனக்குத் தெரியாது, ஜெயகுமார்" என்றேன். "அவர் கரைக்கு வரட்டும். அவரைக் கேட்டு இறக்குங்கோ."