பழைய பாஸ்வேர்டு

அன்பு ஈவ்லினுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். போன வாரம் இடி இடித்ததில் பழைய ரவுட்டர் போய்விட்டது. குரோம்பேட்டையில் புதிது வாங்கி வந்து நானே மாட்டினேன். மோடத்திலிருந்து வரும் ஒயரைத் தப்பான ஓட்டையில் சொருகிவிட்டு, அரை நாள் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் இதை நீதான் பார்ப்பாய்.

கடைசியில் கஸ்டமர் கேரில் ஒரு பெண் பொறுமையாகச் சொல்லித்தந்தாள். "வைஃபை பேரும் பாஸ்வேர்டும் புதுசா வச்சுக்கோங்க சார், அதுதான் சேஃப்" என்றாள்.

"வேணாம்மா, பழசே இருக்கட்டும். வீட்ல எல்லார் போன்லயும் அதுதான் இருக்கு" என்றேன். அம்மாவும் போய், நீயும் போன பிறகு எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான். அது அந்தப் பெண்ணுக்கு எதற்கு?

எந்தப் போன் எப்போது சேர்ந்தது என்று காட்ட இந்த ரவுட்டருக்கு ஒரு ஆப் இருக்கிறது. தினமும் என் போன் மட்டும்தான் இருக்கும். நேற்று சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால், கீழே உன் பேரில் ஒரு போன், பழைய பாஸ்வேர்டில் தானாகவே சேர்ந்திருக்கிறது. காலை ஒன்பது நாற்பதிலிருந்து ஒன்பது ஐம்பத்திரண்டு வரை.

பன்னிரண்டு நிமிஷம் வாசலில் நின்றிருக்கிறாய். நான் இல்லாத நேரம் பார்த்து வந்தாயா, நான் இல்லையென்று திரும்பிப் போனாயா, தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்க வாய் வரவில்லை.

உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக இதைச் சொல்லத்தான் போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

வரும் ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருப்பேன். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அப்பா