ஏழுமலையும் ஒரு நாடுதான்

செவ்வாய், இஷா தொழுகைக்குப் பிறகு.

உப்பளம் வைத்திருக்கும் ஏழுமலை இன்று என் மளிகைக் கடைக்கு வந்தான். போன வருஷம் வாங்கிய கைமாற்றைக் கேட்டே விட்டேன். கோடை மழையில் பாத்தி உப்பெல்லாம் கரைந்துபோனதாம். அது எனக்கும் தெரியும். அடுத்து சொன்னதுதான் புதிது.

"பாய், இலங்கைக்கு நம்ம நாடு கடன் குடுத்துச்சே, முடியலன்னதும் கழுத்தப் புடிச்சாங்களா? உக்காந்து பேசி டைம் குடுத்தாங்க."

"நீ நாடாப்பா?"

"கடல் இருக்குது, ஜனம் இருக்குது. கஜானாதான் காலி."

"நான் கவர்மெண்ட் இல்லப்பா."

"அவங்க வட்டி வாங்குறாங்க. நீங்க அதுகூட வாங்கமாட்டீங்க. இன்னும் அஞ்சாயிரம் குடுங்க, பாத்திய சரி பண்ணிடுறேன். நான் எழுந்தாத்தான உங்க பழைய பணம் வரும்?"

நியாயமாகப் பட்டது. எண்ணிக் கொடுத்தேன். அதிலிருந்தே ஆயிரத்தை உருவி, "மொதல் தவணை, வச்சுக்கங்க" என்று நீட்டினான். நானும் சந்தோஷமாக வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

ராத்திரி என் மனைவி மும்தாஜ், "ஏழுமலைகிட்ட வசூல் ஆச்சா?" என்றாள். ஆயிரம் கொடுத்தான் என்றேன். மெச்சிக்கொண்டு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்து வைத்தாள்.

முட்டையைத் தின்று முடித்த பிறகுதான், அந்த ஆயிரமும் என்னுடையது என்று உறைத்தது. அவள் தூங்கட்டும்.